திசை தவறிய இரவும் பரங்கிமலைச் சங்கிலியும்

ஓரியன்டியரிங் என்றொரு விளையாட்டு உண்டு. தமிழில் அதற்கு நிலைபெற்ற பெயர் இன்னும் அமையவில்லை. வழிகாண் ஓட்டம் என்று இக்கட்டுரையில் அழைத்துக்கொள்வோம். காட்டின் விளிம்பில் வீரரை நிறுத்தி, கையில் ஒரு வரைபடத்தையும் ஒரு திசைகாட்டியையும் கொடுத்துப் புறப்படச் சொல்வார்கள். படத்தில் ஊதா நிறத்தில் ஒரு முக்கோணம் இருக்கும், அது தொடக்கம். எண்ணிட்ட வட்டங்கள் சில இருக்கும். அவை ஒவ்வொன்றின் நடுவிலும், மெய்யான காட்டில், வெள்ளையும் ஆரஞ்சும் கலந்த சிறு துணிக்கூடு தொங்கும். இரட்டை வட்டம் முடிவிடம். வரிசை மாறாமல் எல்லா நிலைகளையும் தொட்டுக் குறைந்த நேரத்தில் வந்து சேர்பவர் வென்றவர். ஒரு நிலைக்கும் அடுத்த நிலைக்கும் இடையே எவ்வழியாகப் போவது என்பதை யாரும் சொல்லமாட்டார்கள். அது ஓடுகிறவர் பாடு.

இவ்வரைபடங்களின் நிறமரபு சுவையானது. நாமறிந்த நிலப்படங்களில் பச்சை என்றால் காடு. இங்கோ தடையின்றி ஓடக்கூடிய காடு வெண்மையாக விடப்பட்டிருக்கும். புதர் அடர அடரப் பச்சை ஏறும். அடர்பச்சை என்றால் நுழையாதே என்று பொருள். மஞ்சள், திறந்த வெளி. நீலக் கிடைக்கோடுகள், சதுப்பு. அச்சதுப்பைக் கருங்கோடு சூழ்ந்திருந்தால் அதைக் கடக்கவே இயலாது. இவ்வளவையும் படித்தறிந்து, நேரே முந்நூறு மீட்டர் சேற்றில் இறங்குவதா, எழுநூறு மீட்டர் சுற்றிக் காய்ந்த தரையில் ஓடுவதா என்பதை ஓடிக்கொண்டே முடிவு செய்ய வேண்டும். கால் வேகம் மட்டுமே உடையவர் இதில் வெல்வதில்லை.

பெசன்ட் நகரை மையமாக வைத்து இதைப் பேசுவது வேடிக்கையாகத் தோன்றலாம். கட்டம் கட்டமாக வகுக்கப்பட்ட தெருக்களும் எண்ணிட்ட அவென்யூக்களும் கொண்ட இந்நகரில் வழி தவறுவதற்கு வழியே இல்லை. ஆனால் நகரின் ஓரத்துக்குப் போய்ப் பாருங்கள். வடக்கே அடையாற்றின் கழிமுகம். அதை ஒட்டி, 1882இன் இறுதியில் பிரம்மஞான சபை வந்தமர்ந்த பெருந்தோட்டம். மேற்கே கிண்டிக் காடு. தென்மேற்கே, வேளச்சேரியைத் தாண்டினால், பள்ளிக்கரணைச் சதுப்பு. காடும் சதுப்பும் இரண்டு மணிநேர நடைக்குள் அடங்கிய நிலம் இது. வழிகாண் ஓட்டத்தின் தாயகம் ஸ்காண்டிநேவியா என்பதில் ஐயமில்லை. எனினும், அறியாத நிலத்தில் தன் இடத்தைத் தானே கண்டறியும் கலையின் ஓர் அத்தியாயம் இங்கிருந்து கூப்பிடு தூரத்தில் எழுதப்பட்டது. அதை நினைவுகூர்வதே நம் நோக்கம்.

முதலில் விளையாட்டின் வரலாற்றைச் சுருக்கமாகக் காண்போம். ஸ்வீடனின் கார்ல்பர்க் படைத்துறைக் கல்லூரியில் 1886இல் 'ஓரியன்டேரிங்' என்ற சொல் புழக்கத்துக்கு வந்தது. வரைபடமும் திசைகாட்டியும் கொண்டு அறியாத நிலத்தைக் கடப்பது என்பது அதன் பொருள். பொதுமக்கள் பங்குகொண்ட முதற்போட்டி 1897 அக்டோபர் 31இல் நார்வேயில், ஆஸ்லோ நகருக்கு அருகில் நடந்தது. 19.5 கிலோமீட்டர் தொலைவுக்கு வைக்கப்பட்டிருந்த நிலைகள் மூன்றே மூன்று. இன்றைய ஓட்டக்காரர் கேட்டால் சிரிப்பார். அன்றைய படங்களின் தரத்துக்கு அதுவே அதிகம். பிறகு ஸ்வீடனின் எர்ன்ஸ்ட் கிலாண்டர், ஓட்டப் பந்தயங்களில் இளைஞர்களின் ஆர்வம் குன்றுவதைக் கண்டு, பந்தயத்தை மைதானத்திலிருந்து காட்டுக்குக் கொண்டுபோனார். 1919 மார்ச்சில் ஸ்டாக்ஹோமுக்குத் தெற்கே அவர் நடத்திய போட்டியில் இருநூறுக்கும் மேற்பட்டோர் ஓடினர். 1930களில் எளிய, மலிவான திசைகாட்டிகள் வந்தபின் ஆட்டம் பரவிற்று. 1961இல் கோபன்ஹேகனில் பன்னாட்டுக் கூட்டமைப்பு பிறந்தது.

ஆட்டம் படைவீரர் பயிற்சியிலிருந்து பிறந்தது என்பதை இங்கே குறித்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

வழி சொல்லும் கலையைப் பொறுத்தவரை தமிழர் யாருக்கும் கடன்பட்டவர்கள் அல்லர். ஆறு என்றாலே வழி. அறியாதவனை வழியில் செலுத்துவதையே ஓர் இலக்கிய வகையாக்கி ஆற்றுப்படை என்று பெயரிட்டவர்கள் நாம். அவற்றுள் கூத்தராற்றுப்படை எனப்படும் மலைபடுகடாம், செங்கண்மாத்து நன்னனிடம் பரிசில் பெற்று மீளும் கூத்தன் ஒருவன், எதிர்ப்படும் கூத்தர் கூட்டத்துக்கு மலைவழியைச் சொல்வதாக அமைந்தது. 583 அடிகள் கொண்ட அப்பாட்டில் பரிசிலின் பெருமையளவுக்கு வழியின் இடர்களும் பேசப்படுகின்றன. எங்கே பன்றிப்பொறி இருக்கும், எங்கே பாசி வழுக்கும், எங்கே இரவில் நடக்கலாகாது என்று ஒவ்வொன்றாகச் சொல்லி வருகிறவன், வழி பிரியுமிடம் வந்ததும் ஓர் அறிவுரை தருகிறான். புதியவர்களாகிய நீங்கள் அவ்விடத்தைத் துடைத்துவிட்டுப் புல்லை முடிந்து அடையாளம் வைத்துச் செல்லுங்கள் என்கிறான்.

அந்தப் புல்முடிச்சுக்கும் காட்டில் தொங்கும் ஆரஞ்சுத் துணிக்கூட்டுக்கும் வேலை ஒன்றுதான். ஆயினும் ஒரு வேறுபாடு உண்டு. ஆற்றுப்படையில் முன்னே போய்வந்தவன் ஒருவன் இருக்கிறான். அவன் சொல்லை நம்பி நடக்கலாம். சொல்ல ஆளில்லாத நிலத்தில் என்ன செய்வது? அங்கேதான் விண்மீனும் காந்த ஊசியும் வரைபடமும் வருகின்றன. அங்கேதான் நம் கதையும் தொடங்குகிறது.

1799 ஏப்ரல். நான்காம் மைசூர்ப் போர். ஜெனரல் ஹாரிஸின் படை ஸ்ரீரங்கப்பட்டணத்தை நெருங்கிவிட்டது. படை முகாமுக்கும் கோட்டைக்கும் இடையே சுல்தான்பேட்டைத் தோப்பு கிடந்தது. தென்னையும் மூங்கிலும் அடர்ந்து, பாசன வாய்க்கால்கள் குறுக்கும் நெடுக்குமாக ஓடும் ஈர நிலம். திப்புவின் வீரர்கள் அங்கே மறைந்திருந்து தாக்கலாம் என்ற அச்சத்தால், 4ஆம் தேதி இரவு ஜெனரல் பேர்ட் ஒரு பிரிவுடன் அதைத் துழாவ அனுப்பப்பட்டார். தோப்பில் ஆளில்லை. வேலை முடிந்தது என்று படை திரும்பிற்று. இருட்டில் எல்லாத் திசையும் ஒன்றுபோலத்தான் இருக்கும்.

பேர்டின் படையணியில் மேஜர் பொறுப்பில் இருந்தவர் வில்லியம் லாம்டன். யார்க்‌ஷயரில் எளிய குடும்பத்தில் பிறந்து, கனடாவின் நியூ பிரன்ஸ்விக் காடுகளில் ஆண்டுக்கணக்காக நிலம் அளந்து, அதன் பின்னரே இந்தியா வந்து சேர்ந்தவர். அதிகம் பேசாத மனிதர். அவர் அண்ணாந்து பார்த்தார். வடக்கு நோக்கிப் போக வேண்டிய படை தெற்கு நோக்கிப் போய்க்கொண்டிருப்பதாக விண்மீன்கள் காட்டின. தெற்கே இருந்தது திப்புவின் பாசறை. லாம்டன் தளபதியிடம் போய்ச் சொன்னார். தளபதி ஏற்கவில்லை, தமக்கு வழி தெரியும், விண்மீன்களைக் கேட்க வேண்டிய தேவையில்லை என்ற பாங்கில் பதில் வந்தது. நடை தொடர்ந்தது. சற்று நேரத்தில் எதிரியின் காவலணி ஒன்றின்மேல் போய் முட்டினார்கள். அதன் பிறகுதான் விளக்கேற்றித் திசைகாட்டியைப் பார்த்தார்கள். லாம்டன் சொன்னதே சரியாக இருந்தது. படை திரும்பிற்று, பிழைத்தது.

மறுநாள் இரவு அதே தோப்புக்கு இன்னொருவர் அனுப்பப்பட்டார். லாம்டனின் சொந்தப் படைப்பிரிவான 33ஆம் ரெஜிமென்டின் கர்னல் ஆர்தர் வெல்லெஸ்லி. பின்னாளில் 1815இல் வாட்டர்லூவில் நெப்போலியனை வென்ற வெலிங்டன் கோமகன். இம்முறை தோப்பில் ஆள் இருந்தது. இருளில் மரங்களுக்கும் வாய்க்கால்களுக்கும் நடுவே அணி சிதறியது. ஒருவரை ஒருவர் இழந்தனர். முழங்காலில் அடிபட்ட வெல்லெஸ்லி தட்டுத் தடுமாறி நள்ளிரவில் ஹாரிஸின் கூடாரத்துக்கு வந்து தோல்வியைச் சொன்னார். பிடிபட்ட வீரர்கள் பன்னிருவர் பின்னர் கொல்லப்பட்டனர். விடிந்தபின், கண்ணுக்குத் தெரிந்த நிலத்தில், அதே தோப்பை அவர் எளிதில் கைப்பற்றினார். பகலில் சென்று ஆராய்ந்து அறியாத இடத்தை இரவில் தாக்குவதில்லை என்ற முடிவுக்கு அவர் வந்ததற்கு இந்த இரவே காரணம்.

இரண்டு இரவுகளையும் அருகருகே வைத்துப் பார்க்கும்போது ஒன்று தெளிவாகிறது. வெல்லெஸ்லிக்கு நிலம் தெரியாது, தெரியாமல் இடறினார். பேர்டின் நிலை வேறு. அவர் தமக்குத் தெரியும் என்று உறுதியாக நம்பினார். வழிகாண் ஓட்டத்தில் பழகியவர்கள் இந்த இரண்டாவது நோயையே பெரிதும் அஞ்சுவார்கள். படத்தில் இல்லாத குட்டை ஒன்று எதிர்ப்பட்டால், நாம் தப்பான இடத்தில் நிற்கிறோமோ என்று ஐயுறுவதற்கு மாறாக, படம் வரைந்தவன் இதை விட்டுவிட்டான் போலும் என்று மனம் சமாதானம் சொல்லும். அப்படி ஒவ்வொரு முரணுக்கும் ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டே அரை மைல் போய்விடலாம். நல்ல ஓட்டக்காரர் தாம் நிற்கும் இடத்தின்மேல் கட்டைவிரலை அழுத்திப் படத்தைப் பிடித்திருப்பார். படத்தை வடக்கோடு பொருத்தித் திருப்பிக்கொண்டே இருப்பார். நிலம் சொல்வதும் படம் சொல்வதும் ஒத்துப்போகிறதா என்று ஓயாமல் கேட்பார். ஐயம்தான் அவருடைய வேகம்.

போர் முடிந்தபின் லாம்டன், வெல்லெஸ்லியின் ஆதரவோடு, தீபகற்பத்தை முழுமையாக முக்கோணங்களால் அளக்கும் திட்டம் ஒன்றை முன்வைத்தார். அதன் சென்னைத் தொடக்கம் 1802 ஏப்ரல் 10. பரங்கிமலை வட முனை. தெற்கே பெரும்பாக்கம் குன்று மறு முனை. இடைத்தொலைவு ஏழரை மைல், ஏறத்தாழ 40,000 அடி. பள்ளிக்கரணைச் சதுப்புக்கு மேற்கே நீளும் தட்டையான நிலம் அது. பங்குனி சித்திரை வெயிலில் அந்நிலம் எப்படிக் காயும் என்பது சென்னைவாசிகளுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

அளந்தது நூறடி நீளமுள்ள எஃகுச் சங்கிலி ஒன்றால். லண்டனின் புகழ்பெற்ற கருவிக் கலைஞர் ஜெஸ்ஸி ராம்ஸ்டன் செய்த அச்சங்கிலி, சீனப் பேரரசருக்குப் பரிசாகப் போய், அவர் ஏற்காமையால் கைமாறி இங்கு வந்து சேர்ந்தது. சங்கிலியை மண்ணில் போட்டு இழுத்தால் அளவு பிழைபடும். ஆகவே முக்காலிகளின்மேல் மரப்பெட்டிகளை மட்டம் பார்த்து நிறுத்தி, அவற்றுள் சங்கிலியைக் கிடத்தி, வெயில் படாமல் மறைத்து, பக்கத்திலேயே வெப்பமானிகளை வைத்தார்கள். வெப்பத்தில் எஃகு நீளும். எவ்வளவு நீண்டது என்று கணக்கிட்டுக் கழிக்க வேண்டும். நூறடி அளந்ததும் எல்லாவற்றையும் தூக்கி அடுத்த நூறடிக்கு நகர்த்த வேண்டும். இப்படி நானூறு முறை. வேலை மே மாதத்தில் முடிந்தது.

அந்த ஒரு கோட்டை அடியாகக் கொண்டு முக்கோணத்தின்மேல் முக்கோணமாக அளவை மேற்கே சென்று மங்களூர்க் கடலைத் தொட்டது. அதுவரை ஏறத்தாழ 400 மைல் அகலமென்று வரையப்பட்டிருந்த தீபகற்பம், உண்மையில் 360 மைல்தான் என்று தெரியவந்தது. நாற்பது மைல் நாடு காகிதத்தில் மட்டுமே இருந்திருக்கிறது! வழியில், 1804இல், பெங்களூர் அருகே மீண்டும் ஓர் அடிக்கோட்டைச் சங்கிலியால் அளந்து, பரங்கிமலையிலிருந்து முக்கோணங்கள் வழியாகக் கணக்கிட்டு வந்த நீளத்தோடு ஒப்பிட்டார் லாம்டன். வேறுபாடு சில அங்குலங்களே. கணக்குச் சரி என்று நம்பி மேலே போயிருக்கலாம். அவர் நிறுத்திச் சரிபார்த்தார். தோப்பில் அண்ணாந்து பார்த்த அதே மனிதர்தான் இவர்.

முக்கோணம் போட உயரமான இடம் வேண்டும். தஞ்சைச் சமவெளியில் குன்றுக்கு எங்கே போவது? கோயில் கோபுரங்களே நிலைகளாயின. 1808இல் பெரிய கோயில் விமானத்தின்மேல் அரை டன் எடையுள்ள தியோடலைட் கருவியை ஏற்றும்போது கயிறு அறுந்து, கருவி கல்லில் மோதிச் சிதைந்தது. லண்டனிலிருந்து வரும் வழியில் பிரெஞ்சுக் கப்பலிடம் சிக்கி, மொரீஷியஸ் போய், அங்கிருந்து மரியாதையோடு திருப்பி அனுப்பப்பட்ட கருவி அது. போரில் தப்பியது தஞ்சையில் அடிபட்டது. லாம்டன் கூடாரத்துக்குள் அடைந்துகொண்டு, வாரக்கணக்கில் பாடுபட்டுத் தம் கையாலேயே அதைச் சீராக்கினார்.

கருவிக்கு இவ்வளவு வரலாறு இருக்கிறது. கருவியைச் சுமந்தவர்களுக்கு இல்லை. தொலைவிலுள்ள குன்றின்மேல் ஏறிக் கொடியை நட்டு, கீழே கருவியருகில் நிற்பவர் அளந்து முடிக்கும்வரை காத்திருந்தவர்கள் நம்மவர்கள். இன்றைய ஆட்டத்தில் துணிக்கூடு தொங்கும் இடத்தில் அன்று உயிருள்ள மனிதன் நின்றான். காட்டுக் காய்ச்சலில் மடிந்தவர் பலர். 1819இல், கிருஷ்ணைக்கும் கோதாவரிக்கும் இடைப்பட்ட காடுகளில், லாம்டனின் உதவியாளராகச் சென்ற ஜார்ஜ் எவரெஸ்ட் காய்ச்சலில் வீழ்ந்தார். உடன் சென்றோரில் பலர் திரும்பவில்லை. எவரெஸ்டின் பெயர் உலகின் மிக உயர்ந்த சிகரத்தில் நிற்கிறது. லாம்டனே 1823இல் மகாராஷ்டிரத்து ஹிங்கன்காட்டில், அளவைப் பயணத்தின் நடுவில்தான் இறந்தார். சங்கிலி தூக்கியவர் பெயர் எங்கும் இல்லை. இந்த அளவை யாருடைய நன்மைக்காக நடந்தது என்பதையும் மறப்பதற்கில்லை. நிலத்தை அளந்தவன் வரியையும் படைவழியையும் அளந்தான்.

ஆயினும் அக்கலை இங்கே வேர்கொண்டது. 1794இல் புனித ஜார்ஜ் கோட்டைக்கு அருகில் மைக்கேல் டாப்பிங்கின் முயற்சியால் எட்டுச் சிறுவர்களோடு தொடங்கிய நில அளவைப் பள்ளிதான் இன்றைய கிண்டிப் பொறியியல் கல்லூரி. லாம்டனின் கோடு தொடங்கிய பரங்கிமலையின் அடிவாரத்தில், 1963இல் தொடங்கிய அதிகாரிகள் பயிற்சிக் கழகம் இருக்கிறது. வரைபடத்தைப் படித்து இரவில் வழி காண்பது படைப் பயிற்சியின் முதற்பாடங்களில் ஒன்று. கல்லூரிகளில் என்.சி.சி. சீருடை அணிந்த நம் நண்பர்களுக்கும் மேப் ரீடிங் வகுப்பு நினைவிருக்கும். ஆட்டமாக அது இங்கே அதிகம் பரவவில்லை; பாடமாக எப்போதும் இருந்திருக்கிறது.

பாடத்தை நாம் கற்றோமா என்பது வேறு கேள்வி. லாம்டனின் கோட்டுக்குக் கிழக்கே கிடந்த கழுவெளியை எடுத்துக்கொள்வோம். முப்பதுக்கும் மேற்பட்ட ஏரிகளின் மிகைநீர் வந்து தங்கி, ஒக்கியம் மடுவு வழியாகத் தெற்கே கோவளம் கழிமுகத்துக்குப் போகும் நிலம் அது. வழிகாண் ஓட்டப் படமாக இருந்திருந்தால் அங்கே நீலக் கோடுகள் நிறைந்திருக்கும். நம் ஆவணங்களிலோ அது புறம்போக்கு, பயனற்ற வெளி. வெள்ளையாக விடப்பட்ட இடத்தைக் காடு என்று படிக்கும் மரபு ஓட்டக்காரருக்கு உண்டு. நமக்கோ அது காலி மனை என்று படும். பெருங்குடியில் குப்பை கொட்டினோம், சாலை இட்டோம், வீடும் அலுவலகமும் எழுப்பினோம். ஒவ்வொரு மழைக்கும் நீர் வந்து நின்று முரணைக் காட்டிற்று. ஒவ்வொரு முறையும் வடிகால் சரியில்லை, இந்த ஆண்டு மழை அதிகம் என்று ஒரு சமாதானம் சொல்லி நடையைத் தொடர்ந்தோம். 2015 டிசம்பரில் எதிரியின் காவலணியில் முட்டியது போல முட்டினோம்.

கால்டுவெல் தம் ஒப்பிலக்கணத்தில் சுட்டிய செய்தி ஒன்று உண்டு. கிழக்கு என்பது கீழ் என்னும் அடியிலிருந்தும், மேற்கு என்பது மேல் என்னும் அடியிலிருந்தும் வந்தவை. தமிழர் தம் நிலத்தின் சரிவைக் கொண்டே திசைக்குப் பெயரிட்டனர். ஐரோப்பியர் 'ஓரியன்ட்' என்று ஞாயிறு எழும் பக்கத்தைக் கொண்டு தம் இடத்தை நிறுத்திக்கொண்டார்கள். நம் முன்னோர் நீர் ஓடும் பக்கத்தைக் கொண்டு. கிழக்கு என்று சொல்லும்போதெல்லாம் தாழ்ந்த நிலம் எப்பக்கம் என்று சொல்லிக்கொண்டுதான் இருக்கிறோம். கருவியும் சங்கிலியும் இல்லாமலே கையில் இருந்த வரைபடம் அது.

பள்ளிக்கரணையின் ஒரு பகுதி 2007இல் காப்புக்காடாக அறிவிக்கப்பட்டது. 2022இல் ராம்சார் பட்டியலில் இடம்பெற்றது. விளக்கேற்றித் திசைகாட்டியைப் பார்த்தாயிற்று என்று இதைக் கொள்ளலாம். பேர்டின் படை அதற்குப் பிறகு உடனே திரும்பிற்று. பரங்கிமலை உச்சியில் நின்று தெற்கே பெரும்பாக்கம் பக்கம் பார்க்கிறவர்களுக்கு, லாம்டன் அளந்த அந்த ஏழரை மைலில் இன்று கட்டடங்களே தெரியும். கிழக்கே இன்னும் கொஞ்சம் நீர் தெரிகிறது.